சொல்லியாச்சா என்று கேட்கும் பெட்டி

புரோகிராம் ஒரு வரிகூட எழுதாமல் ஆப்புகளுக்குப் பின்பக்கம் கட்டிக் கொடுப்பது என் பிழைப்பு. கல்யாண வீட்டில் பந்தி நடக்கிற இடம் எல்லார் கண்ணிலும் படும். சமையல் நடக்கும் ஆக்குப்புரையை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. சாம்பாரில் உப்பு கூடினால் மட்டும் தேடி வருவார்கள். நாங்கள் ஆக்குப்புரை ஆட்கள். திரையில் பெட்டிகளை இழுத்து வைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அம்பு போட்டு, 'இது நடந்தால் அதைச் செய்' என்று சொல்லிவிட்டால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். வாடிக்கையாளரிடம் அப்படித்தான் சொல்வோம். அது என்ன லட்சணத்தில் பார்த்துக்கொள்ளும் என்பது இதே தொழிலில் மாட்டிக்கொண்ட சகபாவிகளுக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தொடங்காத வேலை

எங்கள் ஆபீஸ் நாகர்கோவிலில் ஒரு வீட்டின் மாடி அறை. ஆட்கள் இரண்டே பேர். நான் பி.காம்.; கோட்டாற்றிலிருந்து வரும் ஷாஹிதா வரலாறு படித்தவள். கம்ப்யூட்டர் படிப்பு இருவருக்குமே கிடையாது. குளச்சலில் மீன் ஏலம் எடுக்கிறவர்களுக்கும், குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கும் ஒரு கடைக்கும் ஆப் செய்து கொடுத்து, அவை ஓடவும் செய்ததால் தைரியம் வந்திருந்தது.

வீட்டுச் சொந்தக்காரி ரெத்னாபாய் டீச்சர். பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. ஒரே மகன் அஜின் வளைகுடாவில், தம்மாமில் வேலை பார்க்கிறான். கீழே தனியாக இருக்கப் பிடிக்காதபோது மாடிக்கு வந்து, எங்கள் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, திரையையே பார்ப்பார். வேலை செய்கிறவர்களின் முதுகுக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடிக்காது. ஆனால் வாடகையை ஏற்றாத வீட்டுக்காரி எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். ஒருநாள் வெகுநேரம் பார்த்துவிட்டுப் பொறுக்க முடியாமல் கேட்டார்:

"ஏம் பிள்ளே, ரெண்டு பேரும் காலத்தே இருந்து பெட்டி பெட்டியா வரைஞ்சுட்டு இருக்கியளே, எப்பம்தான் வேலைய தொடங்குவிய?"

செயலர் கேட்ட பொத்தான்

டீச்சர் போகும் கிறிஸ்தவ சபையின் செயலர் செல்வதாஸ் சார். மின்வாரியத்தில் பெரிய பதவியில் இருந்தவர். இப்போதும் யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் சுவிட்ச் போர்டைத்தான் பார்ப்பார். டீச்சர் சொல்லித்தான் அவர் எங்களைத் தேடி வந்தார். சபைக்கு ஒரு ஆப் வேண்டும். பிறந்தநாள், கல்யாணம், ஜெபக்கூட்டம், துஷ்டி என்கிற சாவுச் செய்தி, எல்லா அறிவிப்பும் அதில் வர வேண்டும். சபையில் யாராவது இறந்துபோனால் கோயில் மணியடித்து, அது யாருக்கு என்று தெரு விசாரித்து, வாய்வழியாகச் செய்தி பரவுவது அவருக்குப் பழைய காலத்து ஏற்பாடாகத் தெரிந்தது.

"எத்தனை பொத்தான் சார் வேணும்?" என்று கேட்டேன். எங்களிடம் வருகிற எல்லாரும் சொல்கிற பதிலையே அவரும் சொன்னார்: ஒரே ஒன்று. அதை அவர் அமுக்கினால் உள்ளூர், வெளியூர், வெளிநாடு என்று சபையார் எங்கே இருந்தாலும் அதே நிமிடம் தெரிந்துவிட வேண்டும். எதற்கு இத்தனை அவசரம் என்று புரியவில்லை. படியிறங்கும்போது அதையும் அவரே சொல்லிவிட்டார்:

"பக்கத்து சபைக்காரன் ஆப் வச்சிருக்கான், கேட்டியா. அவனுக்கு தெரியதுக்கு முன்னே நமக்க ஆளுக்கு செய்தி போயிரணும்."

மே மாதத்தில் பிறந்த சபை

பிறந்தநாள் வாழ்த்துதான் இருப்பதிலேயே சுலபமான வேலை. தேதி ஒரு பெட்டி, வாழ்த்து ஒரு பெட்டி, நடுவில் ஓர் அம்பு. சபையாரிடம் சான்றிதழில் உள்ளபடி பிறந்த தேதி வாங்கி ஏற்றினோம். மே மாதம் பிறந்ததும் ஆப்புக்குப் பைத்தியம் பிடித்தது. காலையில் எழுந்தால் சபையில் பாதிப் பேருக்குப் பிறந்தநாள். மறுநாள் மிச்சம் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு.

ஷாஹிதா எல்லாப் பெட்டிகளையும் கழற்றிப் பார்த்தாள். கோளாறு எதிலும் இல்லை. அந்தக் காலத்தில் ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வயது போதாத பிள்ளைகளுக்கு, சேர்த்துக்கொண்ட வாத்தியாரே மே மாதத்தில் ஒரு தேதி போட்டுக் கொடுத்திருக்கிறார். சான்றிதழை நம்பினால் சபையின் மூத்த தலைமுறை மொத்தமும் கோடை விடுமுறையில் பிறந்தது. ஆப்பைச் சொல்லிக் குற்றமில்லை. அதற்குக் கொடுத்த தேதிதான் அதற்குத் தெரியும்; அந்தத் தேதி வந்த கதை அதற்கு எப்படித் தெரியும்? வாழ்த்து வாங்கியவர்களில் ரெத்னாபாய் டீச்சரும் ஒருவர். போனைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார்:

"நான் பொறந்தது ஓணத்துக்கு மறுநாளாக்கும். இந்த வாழ்த்து எனக்கில்ல, என்னை பள்ளிக்கூடத்துல சேத்த வாத்தியாருக்கு போக வேண்டியது."

ஒத்திகைச் சாவு

துஷ்டி அறிவிப்பைக் கமிட்டிக்குச் செய்து காட்டும் நாள் வந்தது. உயிரோடு இருக்கிற யார் பெயரையும் போட முடியாது என்பதால், சபையில் யாருக்கும் இல்லாத ஒரு பெயரைத் தேடிப் பிடித்து வைத்திருந்தேன். செல்வதாஸ் சார் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பொத்தானை அமுக்கினார். 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று அங்கிருந்த அத்தனை போன்களிலும் ஒரே நேரத்தில் வந்தது. கைதட்டினார்கள். சாவுச் செய்திக்குக் கைதட்டு வாங்கிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

பெண்கள் ஐக்கியத்தின் சார்பில் கமிட்டியில் இருந்த ரெத்னாபாய் டீச்சர் மட்டும் தட்டவில்லை. "வெளிநாட்டுல இருக்க பிள்ளைகளுக்கும் இப்படித்தான் போவுமா?" என்று கேட்டார். அதற்குத்தானே இத்தனையும் என்றார் செயலர். டீச்சர் தன் தம்பி ஜெயசிங் கதையைச் சொன்னார். அவர்களுடைய அப்பா இறந்தபோது ஜெயசிங் மஸ்கட்டில் இருந்திருக்கிறார். 'அப்பாவை ஆஸ்பத்திரியில சேத்திருக்கு, புறப்பட்டு வா' என்று மட்டும்தான் போனில் சொல்லியிருக்கிறார்கள். டீச்சரே திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போய், தம்பியைக் காரில் ஏற்றி, பாறசாலை தாண்டிய பிறகு கையைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாராம். "அதுவரைக்கும் அவனுக்கு ஒரு சந்தேகமும் இல்ல," என்றார். அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் அவருக்கு இன்னும் பெருமை இருந்தது.

 அங்கிருந்த ஒவ்வொருவரும் யாருக்கோ ஒருமுறை அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிய இந்த ஊரில், தெருவே சேர்ந்து கட்டிக் காக்கிற பொய் அது. செயலர் சட்டம் பேசுகிற மனிதர். வேதம் படிக்கிறவர்கள் பொய் சொல்லலாமா என்று கேட்டார். டீச்சர் அவரை நேராகப் பார்த்துச் சொன்னார்:

"பொய்தான் சார். ஆனா நாலு சொவருக்குள்ள ஒத்தையில இருக்கவன்கிட்ட, தாங்கிப் பிடிக்க ஆளில்லாத நேரத்துல, வேற என்னத்த சொல்லுவிய?"

காத்திரு

ஆக, செய்தி போக வேண்டும். ஆனால் போகக் கூடாதவருக்கு முந்திப் போகக் கூடாது. நாங்கள் வேலை செய்யும் மென்பொருளில் 'காத்திரு' என்று ஒரு பெட்டி உண்டு. எத்தனை மணி நேரம் என்று கேட்கும். நான் ஒரு நாள் என்று போட்டேன். மஸ்கட்டிலிருந்து வர அது போதும், கப்பலில் வேலை பார்க்கிறவனுக்குப் போதாது என்றாள் ஷாஹிதா. இரண்டு நாள் என்று மாற்றினேன். உள்ளூரிலேயே எல்லாப் பிள்ளைகளும் இருக்கிற வீட்டில் அதற்குள் அடக்கமே முடிந்துவிடும் என்றாள். எரிச்சலில் மவுசைத் தள்ளி வைத்துவிட்டேன். அவள் சிரித்தாள்:

"அக்கா, எங்க பக்கம் மௌத்து வீட்டுலயும் கடியாரத்த பாத்து எதுவும் செய்யதில்ல. யாரு வரணுமோ அவங்க வந்தாச்சான்னு ஆளுதான் பாத்து சொல்லணும்."

வீட்டில் பொறுப்பானவர்

அவள் சொன்னபடியே செய்தோம். செயலர் பொத்தானை அமுக்கியதும் செய்தி சபைக்குப் போகாது. அந்த வீட்டில் பொறுப்பான ஒருவருடைய போனுக்கு முதலில் ஒரு கேள்வி போகும்: 'உங்கள் வீட்டுச் செய்தியைச் சபைக்கு அறிவிக்கலாமா? சொல்ல வேண்டியவர்களுக்கு எல்லாம் சொல்லியாச்சா?' கீழே 'சொல்லியாச்சு' என்று ஒரு பொத்தான். அதை அவர் அமுக்கும்வரை பெட்டி காத்திருக்கும். சாவு என்ற சொல் கேள்வியில் வரக் கூடாது என்று டீச்சர் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். எங்கள் வேலையிலேயே எனக்குப் பிடித்துப்போன பெட்டி அது. எல்லாக் குடும்பங்களும் பொறுப்பானவரின் பெயரையும் எண்ணையும் மளமளவென்று பதிந்து கொடுத்தார்கள். நானும் நிம்மதியாக அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

சில மாதம் கழித்து ஒரு காலையில் ரெத்னாபாய் டீச்சர் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. அடுத்த தெருவிலிருந்து தம்பி ஜெயசிங் ஓடி வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பலன் இல்லை. நாங்கள் ஆபீசுக்கு வந்தபோது வாசலில் ரப்பர் குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. ஷாஹிதா குழாயை மூடிவிட்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். பின்னால் நாற்காலி போட்டு உட்காருகிறாரே என்று எத்தனை நாள் மனதுக்குள் முணுமுணுத்திருக்கிறேன்.

மதியம் செல்வதாஸ் சார் மாடிக்கே வந்துவிட்டார். அவர் பொத்தானை அமுக்கி வெகுநேரம் ஆகியும் சபையில் ஒருவருக்கும் அறிவிப்பு வரவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்தேன். காத்திரு பெட்டியில் செய்தி நின்றுகொண்டிருந்தது. வீட்டில் பொறுப்பானவர் என்ற இடத்தில் டீச்சர் பதிந்திருந்த பெயர் அஜின். எண் தம்மாம் எண். அவருக்குப் பொறுப்பானவன் என்றால் வேறு யார்? கரண்டு பில்லுக்கும் வீட்டு வரிக்கும் கேஸ் சிலிண்டருக்கும் அவன் எண்ணைத்தான் கொடுத்து வைத்திருந்தார். மற்றக் குடும்பங்களையும் திறந்து பார்த்தேன். பாதி வீடுகளில் பொறுப்பானவர் வெளிநாட்டில் இருந்தார். யாரைக் காப்பாற்ற அந்தப் பெட்டியை வைத்தோமோ, அவர்களிடமே அது முதலில் போய்க் கதவைத் தட்டும்.

அஜினிடம் ஜெயசிங் அதற்குள் பேசியிருந்தார். 'அம்மைக்கு மூச்சு முட்டுது, ஆஸ்பத்திரியில சேத்திருக்கு, புறப்பட்டு வா' என்று தெரு சொல்லும் அதே வாசகத்தைச் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு எங்கள் கேள்வி அவன் போனுக்குப் போயிருக்கிறது. அவன் அதைத் திறந்து பார்த்ததற்கான அடையாளம் திரையில் இருந்தது. பொத்தானை மட்டும் அமுக்கவில்லை. சாவு என்ற சொல் இல்லாவிட்டால் என்ன, அந்தக் கேள்வி எதற்கு வரும் என்பது சபையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பொறுப்பானவர் பெயரை மாற்றிவிட்டு அறிவிப்பை அனுப்பிவிடு என்றார் செயலர். ஒரு நிமிட வேலைதான். ஆனால் அஜினும் சபை உறுப்பினன். 'நித்திரையடைந்தார்' என்று அம்மாவின் பெயரோடு அவன் போனுக்கும் அது போகும். பயணத்தில், பக்கத்தில் யாருமில்லாமல் அதை வாசிப்பான். முடியாது என்றேன். செயலர் மறுபடி ஏதோ சொல்ல வந்து, திரையில் இருந்த அடையாளத்தைக் குனிந்து பார்த்தார். அவர் குரல் இறங்கிவிட்டது:

"பாத்துட்டானா? அப்போ நான் அமுக்கினதுதான் அந்தப் பயலுக்குப் போய்ச் சேந்துதா?"

பாறசாலை வரைக்கும்

இதை ஜெயசிங்கிடம் சொல்லியே ஆக வேண்டும். அவர்தான் மறுநாள் காலை திருவனந்தபுரம் போய் அஜினைக் கூட்டி வரப்போகிறவர். அவன் தெரிந்துகொண்டு வருவான், இவர் தெரியாதவனிடம் சொல்வதுபோலச் சொல்வார். கீழே போனேன். முன்னறையில் டீச்சரைக் கண்ணாடிப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். ஜெயசிங் வெளியே பந்தல்காரரிடம் நாற்காலிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கும் மனிதர், அழுது முகம் வீங்கியிருந்தது. ஓரமாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் ஆப்பால் வந்த வினை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அவர் கோபப்படுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். கோபப்படவில்லை. கண்ணாடிப் பெட்டி இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தார். உள்ளே இருக்கிறவருக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"தெரிஞ்சா என்ன பிள்ளே? அப்பா போனப்போ மஸ்கட்டுல போன வைக்கும்போதே எனக்கும் தெரியும். அக்கா பாறசாலை தாண்டி சொல்லுத வரைக்கும் தெரியாதவனாட்டு இருந்தேன், அவளுக்காச்சுட்டி."

எல்லாப் போன்களும்

ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. கோயில் மணி அடித்தது. தெரு விசாரித்தது. வாய்வழியாகவே செய்தி குலசேகரம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. பக்கத்து சபையார் மலர்வளையத்தோடு வந்துவிட்டுப் போனார்கள். அந்தச் சாவு தெரியாதது நான் கட்டிய ஆப்புக்கு மட்டும்தான். மறுநாள் காலையில் முற்றம் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அஜின் முன்னாலேயே அமுக்கிவிடுவானோ, அமுக்கவே மாட்டானோ, இரண்டில் எது மோசம் என்று எனக்கே தெரியவில்லை.

திடீரென்று முற்றத்தில் இருந்த எல்லாப் போன்களும் ஒன்றாக ஒலித்தன. எல்லாரும் எடுத்துப் பார்த்தார்கள். 'ரெத்னாபாய் டீச்சர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.' நேற்றிலிருந்தே துஷ்டி வீட்டில் இருக்கிறவர்களுக்கு இப்போது என்ன அறிவிப்பு என்று யாரோ அலுத்துக்கொண்டார்கள். செல்வதாஸ் சார் மட்டும் என்னைத் தேடிப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். கார் பாறசாலையைத் தாண்டிவிட்டது என்று எங்கள் இருவருக்கும் தெரிந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து அஜின் மாடிக்கு வந்தான். அறையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் வந்தானாம். அம்மா உட்காரும் நாற்காலியிலேயே உட்கார்ந்தான். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை: கேள்வியைப் பார்த்தும் ஒரு நாள் முழுக்க, விமானத்திலும், விமான நிலையத்திலும், காரிலும் ஏன் அமுக்காமல் வைத்திருந்தாய்? அவன் திரையில் இருந்த பெட்டிகளைப் பார்த்தபடியே சொன்னான்:

"நான் முந்தி அமுக்கினா, அத்தனை தூரம் வந்த மாமாவுக்கு எனக்கிட்ட சொல்லதுக்கு ஒண்ணும் இருக்காதுல்லா அக்கா. அவரு எனக்க கையப் பிடிச்சு சொல்லி முடிச்ச பொறவுதான் அமுக்கினேன்."

'வீட்டில் பொறுப்பானவர்' என்பதை 'உள்ளூரில் இருக்கும் பொறுப்பானவர்' என்று மாற்றிவிட்டோம், அப்படியும் பாதி வீடுகளில் வெளிநாட்டுப் பிள்ளையின் எண்ணைத்தான் பதிகிறார்கள், அதைத் தடுக்க ஒரு பெட்டி போட எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது என்றாலும் இன்னும் போடவில்லை.